இரண்டு மணிக்கு ஒருமுறை

பத்துக்கு இடப்பக்கம்.
பன்னிரண்டுக்கு மல்லாக்க.
இரண்டுக்கு வலப்பக்கம்.
கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில்
வரிசையாக என் கையெழுத்து,
விடிய விடிய ஒரு மனிதனைப் புரட்டியதற்கு
அத்தாட்சி.

பதினொன்றாம் கட்டிலில் நிர்மலேந்து பாபு.
மால்தாவில் ஏறி, காட்பாடியில் இறங்கி,
காந்தி ரோட்டு லாட்ஜில் அறை எடுத்து
மூன்று மாதமாகிறது.
மனைவி அங்கே ஸ்டவ்வில் மீன் பொரிக்கிறாள்.
ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று
அவர் டம்ளரில் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்டிருக்கிறேன்.
கோட்டைப் பார்த்துக்கொண்டே உதட்டை நனைக்கிறார்.
அவர் பேச்சில் வலிக்குப் பெயர் ‘பெத்தா’.
முதல் வாரம் சிரிப்பு வந்தது எனக்கு,
யாரை யார் பெத்தா?
இப்போது நானே கேட்கிறேன்:
கொத்தாய் பெத்தா, பாபு?
அடிவயிற்றைக் காட்டுகிறார்.

ஒன்பதில் மேல்விஷாரத்து ஜமீலா பீ.
மருமகள் பெயர் மறந்துவிட்டது.
இருபத்தைந்து மறக்கவில்லை.
இல்லாத இலையில் இல்லாத தூளை வைத்து
தூக்கத்திலும் பீடி சுற்றுகிறாள்.
இருபத்தைந்து ஆனதும் கை நீட்டுவாள்,
கட்டு கட்ட நூல் வேண்டும்.
காஸ் துணியில் ஓர் இழை உருவிக் கொடுப்பேன்.
ரவுண்ட்ஸில் டாக்டர் வரும்போது
முக்காட்டை இழுக்க வலது கை வேண்டும் அவளுக்கு.
டிரிப்புக்கு எப்போதும் இடது கைதான் தேடுவேன்,
நரம்பு கிடைக்காவிட்டாலும் கொஞ்சம் தேடுவேன்.

ஆறில் தனகோட்டி.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம்.
வந்த அன்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.
“தொடாத தாயி, நாறும்.”
பஸ்ஸில் தன் பக்கத்து சீட்
ஆற்காடு வரைக்கும் காலியாகவே வரும் என்றார்,
புகார் மாதிரி இல்லை, டிக்கெட் விலை சொல்வது மாதிரி.
அவர் செருப்புக்குள் ஒரு புளியங்கொட்டை இருந்தது.
எத்தனை நாளாக என்று அவருக்குத் தெரியாது.
சர்க்கரை முதலில் திருடிப்போவது வலியை.
வலிக்கவில்லை என்று சொல்கிறவருக்குத்தான்
நான் அதிகம் பயப்படுகிறேன்.

தண்ணீரின் சூட்டை என் முழங்கையில் பார்த்தேன்.
விரல் இடுக்கு ஒவ்வொன்றாகக் கழுவி,
தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன்.
தலையைத் தூக்கிப் புண்ணின் ஓரத்தைப் பார்த்தார்,
தொழில்காரர் பார்வை.
“ஓரம் கட்டையாப் போச்சு. இது செகண்ட்ஸ்.
மொதலாளி எடுக்கமாட்டான்.”
நான் சிரித்தேன்.
காலை இழுத்துக்கொள்ளவில்லை.

போன வியாழன் இரவு
இரண்டு மணிக்கு மூன்றாம் கட்டிலில் மூச்சுத்திணறல்.
ஆக்சிஜன், டாக்டருக்கு போன், சாவி, ஓட்டம்.
திரும்பிப் பார்த்தபோது நாலரை.
தனகோட்டியின் இடுப்பெலும்பு மேல் ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு.
விரலால் அழுத்தி எடுத்தேன்.
வெளுக்கவில்லை.
இன்னொரு முறை அழுத்தினேன், வெளுத்துவிடாதா என்று.
தாளில் இரண்டு மணிக் கட்டம் காலி.
பேனா கையில். யாரும் பார்க்கவில்லை.
அவர் விழித்திருந்தார், அது வேறு விஷயம்.
‘திருப்பவில்லை’ என்று எழுதினேன்.
கீழே கையெழுத்து. சற்றுக் கோணல்.

காலை பஸ் பாலாற்றுப் பாலத்தில் நிற்கிறது.
எத்தனை வருஷமாக இந்த ஆறு
ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறது.
மணல் அள்ளிய குழிகள் எலும்பு தெரிகிற ஆழம்.
ஒரு கார்த்திகையில் தானாகப் புரண்டது,
தரைப்பாலத்தையும் இழுத்துக்கொண்டு.
அதன் கால்மாட்டில் தாள் எதுவும் தொங்கவில்லை.

வீட்டில் எந்தப் பக்கம் படுத்தேன் என்று நினைவில்லை.
இரவு எட்டுக்கு மறுபடி டியூட்டி.
போகிற வழியில்
நிஜமான நூல் ஒரு கண்டு வாங்க வேண்டும்,
சிவப்பு.